கணக்குப் புத்தகத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"மாணவர்களுக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுங்க, இருபது நிமிஷம் போதும்" என்று செயலாளர் போனில் சொன்னார். வேலை வாய்ப்பு, வெளிநாட்டு அனுபவம், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவது எப்படி, இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் இத்தனை வருஷமாக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றிலேயே கிடந்து வேலை பார்ப்பவன். அதனால் ஒரே ஒரு சின்ன விஷயத்தை, என் கையைச் சுட்ட விஷயத்தை மட்டும் சொல்கிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாதி உங்களுக்கும் புரியும். மீதியில் என் மானம் போகிற இடம் ஒன்று வரும், அது எல்லோருக்குமே புரியும்.

ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் காலத்து ஸ்டோர் கீப்பர் அண்ணனை என் செட்டுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, சோப்பு, துடைப்பம், எது வெளியே போனாலும் ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதாமல் கதவைத் தாண்ட விடமாட்டார். நான் மெஸ் செயலாளராக இருந்த வருஷம் ஒரு நாள் ரிஜிஸ்டர் கடைசிப் பக்கத்தோடு தீர்ந்துபோனது. புது நோட்டுக் கட்டு அலமாரியில் கண்ணுக்கெதிரே இருக்கிறது. "எடுத்து எழுதுங்கண்ணே" என்றேன். "எடுக்கலாம் தம்பி. ஆனா நோட்டும் ஸ்டோர் சாமான்தானே? வெளிய எடுத்தா எழுதணும். எதுல எழுதறது?" என்றார்.

நான் விழித்தேன். அவர் சிரித்துக்கொண்டே காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கிய ஒரு மெல்லிய நோட்டை எடுத்தார். முன்கூட்டியே ஒதுக்கி வைத்தது. முதல் பக்கத்தில், "இந்த நோட்டு ஸ்டோரிலிருந்தே எடுக்கப்பட்டது. இதற்குத் தனிப் பதிவு கிடையாது" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். வருஷக் கடைசியில் ஆடிட்டர் வந்து, ஒரு நோட்டு குறைகிறதே என்றபோது அந்தப் பக்கத்தைக் காட்டினார். ஆடிட்டர் டிக் அடித்துவிட்டுப் போனார்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலும் ஒரு ஸ்டோர் ரூம்தான். மெமரியைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கும், திருப்பித் தந்தால் வாங்கி வைக்கும். வாங்கியவன் திருப்பித் தராமல் மறந்துவிட்டால் அதற்கு லீக் என்று பெயர். யார் வாங்கினான், எந்த இடத்தில் வாங்கினான் என்று கண்டுபிடிக்க ஒரு ரிஜிஸ்டர் வேண்டும். அதைத்தான் அலொக்கேஷன் டிராக்கிங் என்கிறோம். மெமரி கொடுக்கும் ஃபங்ஷனின் உள்ளேயே ஒரு கொக்கி போட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதச் சொல்கிறோம். அந்த வரியை எழுத இடம் வேண்டும். இடம் என்றால் மெமரி. மெமரி கேட்டால் கொக்கி மறுபடி ஓடும். மறுபடி ஒரு வரி எழுத வேண்டும், அதற்கு இடம் வேண்டும்... இதுதான் ரிகர்ஷன், தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வது. கணக்குப் பாடத்தில் ஃபாக்டோரியல் போடும்போது ரிகர்ஷன் அழகாக இருக்கும், அங்கே முடிவு என்று ஒன்று உண்டு. இங்கே கிடையாது.

முடிவில்லாமல் போனால் என்ன ஆகும்? ஒன்று, ஸ்டாக் தீர்ந்துபோகும். நீங்கள் எழுதும் சாதாரண புரோகிராமுக்கு லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் கிடைக்கும். கெர்னலுக்குள் அந்தச் சொகுசெல்லாம் இல்லை. 64 பிட் இன்டெல் வகை மெஷின்களில் ஒரு டாஸ்க்குக்கு வெறும் 16 கேபி. 2014-ல் 3.15 பதிப்பு வருவதற்கு முன்னால் அது 8 கேபிதான். சில டஜன் சுற்றிலேயே பானை வழிந்துவிடும். இன்னொன்று, ரிஜிஸ்டருக்குப் பூட்டு போட்டிருந்தால் ஸ்டாக் வழிவதற்குக்கூட நேரம் இருக்காது. லினக்ஸின் ஸ்பின்லாக்கை, வைத்திருப்பவனே இரண்டாவது முறை கேட்டால் கிடைக்காது. தன் கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு கதவைத் தட்டுகிற கதை. அந்த இடத்திலேயே மெஷின் உறைந்துவிடும், ஒரு பிழைச் செய்திகூட வராது. மூன்றாவது விளைவு ஒன்று இருக்கிறது, அதுதான் நயவஞ்சகம். மெஷின் ஒழுங்காக ஓடும், கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் ஏதோ புதுமுகம் செய்கிற தப்பு என்று நினைக்காதீர்கள். லினக்ஸில் பேஜ் ஓனர் என்று ஒரு வசதி இருக்கிறது. 2015-ல் 3.19 பதிப்போடு வந்தது. ஒவ்வொரு மெமரிப் பக்கத்தையும் யார் வாங்கினார்கள் என்று, கூப்பிட்ட வழியோடு, அதாவது ஸ்டாக் டிரேஸோடு குறித்து வைக்கும். ஆயிரம் பேர் ஒரே வழியாக வந்து வாங்கினால் அந்த வழியை ஆயிரம் தடவை எழுதுவானேன்? ஒரு முறை ஒரு கிடங்கில் எழுதி வைத்து, அதன் டோக்கன் நம்பரை மட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒட்டினால் போதும். அந்தக் கிடங்குக்கு ஸ்டாக் டெப்போ என்று பெயர். நல்ல ஏற்பாடு. ஆனால் கிடங்கு நிரம்பினால் அதுவும் பக்கம் வாங்க வேண்டும். வாங்கினால் பேஜ் ஓனர் விழித்துக்கொள்ளும். எங்கள் ஸ்டோர் அண்ணனின் பிரச்சினை அப்படியே.

2016-ல் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஸ்டாக் டிரேஸை எடுத்துப் பார், அதில் இதே இடத்தின் முகவரி ஏற்கெனவே இருந்தால் நாம் சுற்றுகிறோம் என்று அர்த்தம், உடனே திரும்பிவிடு. படிக்கும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. நானும் அன்றைக்கு இதைப் பார்த்துச் சபாஷ் என்றவன்தான். ஓட்டை எங்கே இருக்கிறது, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்... மூன்றாவது வரிசையில் அந்தத் தம்பி சரியாகச் சொல்கிறார். டிரேஸ் எடுப்பதற்கே மெமரி தேவைப்பட்டால்? பெரும்பாலான மெஷின்களில் தேவைப்படாது. ஐட்டேனியம் என்று ஒரு பிராசஸர் இருந்தது. அதில் ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படிக்கிற பகுதி தானே மெமரி கேட்கும். அப்போது சோதனை செய்யும் இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே சுழலில் மாட்டிக்கொள்வோம். திருடன் உள்ளே வந்தானா என்று பார்க்கக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

2021-ல், 5.13 பதிப்பில், இதை மாற்றினார்கள். டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் வைத்திருக்கும் பெரிய குறிப்பில் ஒரே ஒரு பிட். 'நான் இப்போது பேஜ் ஓனருக்குள் இருக்கிறேன்' என்பதுதான் அதன் அர்த்தம். உள்ளே நுழையும்போது முதல் வேலையாக அதைப் பார்ப்பது. ஏற்கெனவே 1 என்றால் திரும்பிவிடுவது. இல்லையென்றால் 1 என்று வைத்து, வேலையை முடித்து, 0 என்று மாற்றிவிட்டு வெளியேறுவது. அந்த பிட்டைப் பார்க்க மெமரி வேண்டாம், பூட்டு வேண்டாம், எந்த ஃபங்ஷனையும் கூப்பிட வேண்டாம். ஐட்டேனியம் ஆதரவையே 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் லினக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மெஷின் போய்விட்டது, அது கற்றுக்கொடுத்த பிட் மட்டும் இன்றும் இருக்கிறது.

'அப்ப ஒரு பிட் போட்டா முடிஞ்சுதா சார்?' என்று மாணவர்கள் கேட்கலாம். முடியவில்லை. அந்த பிட்டை எங்கே வைப்பது என்பதே ஒரு பரீட்சை. சாதாரண புரோகிராமில் மேலாக்குக்குக் குறுக்கே நின்று கணக்கெடுக்கும் ஒரு லைப்ரரியை மூன்றாம் ஆண்டு பிராஜெக்டாகச் செய்வது வழக்கம். அதில் பிட்டை ஒரு குளோபல் வேரியபிளாக வைத்தால், ஒரு திரெட் உள்ளே இருக்கும்போது மற்ற திரெட்டுகள் கேட்பதெல்லாம் கணக்கில் வராமல் போகும். சரி, திரெட்டுக்கு ஒன்றாக வைப்போம் என்று திரெட்-லோக்கல் வேரியபிள் வைப்பீர்கள். ஷேர்டு லைப்ரரிக்குள் அப்படிப்பட்ட வேரியபிளை முதன்முறை தொடும்போது, அதற்கு இடம் ஒதுக்க சிஸ்டம் உள்ளுக்குள் மேலாக்கைக் கூப்பிடக்கூடும்! பாம்பைத் தடுக்க வைத்த வேலியே பாம்பாகிறது. இனிஷியல்-எக்ஸெக் என்ற முறையில் கம்பைல் செய்தால் புரோகிராம் தொடங்கும்போதே இடம் ஒதுக்கப்பட்டுவிடும், பிரச்சினை வராது. ஜெஇமேலாக் போன்ற லைப்ரரிகள் அப்படித்தான் செய்கின்றன.

இன்னும் இரண்டு கண்ணிவெடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அசல் மேலாக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க டிஎல்சிம் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுவீர்கள். அது சில சமயம் காலாக்கைக் கூப்பிடும், அதுவும் உங்களிடமே வந்து நிற்கும். ஆரம்பத் தேவைக்கு ஒரு ஸ்டாட்டிக் அரே ஒதுக்கி வையுங்கள், காலண்டர் ஆணி நோட்டு மாதிரி. ஃப்ரீ செய்யும்போது அந்த அரேயின் துண்டுகளை அடையாளம் கண்டு விட்டுவிட வேண்டும், மறந்தால் வேறு விதமாக விழும். இரண்டாவது, பேக்டிரேஸ் ஃபங்ஷனின் முதல் அழைப்பு. ஜிலிப்சியில் அது வேறொரு லைப்ரரியை அப்போதுதான் ஏற்றும், அதற்கு மெமரி கேட்கும். தொடக்கத்திலேயே ஒரு முறை சும்மா கூப்பிட்டு வைத்துவிடுங்கள்.

இதே ஜிலிப்சியில் முன்பு மேலாக் ஹுக் என்று ஒரு கொக்கி இருந்தது. உள்ளே நுழைந்ததும் கொக்கியைக் கழற்று, வேலையைச் செய், திரும்ப மாட்டு என்று கையேட்டிலேயே உதாரணம் போட்டிருந்தார்கள். பிரிண்டெஃப்கூட மேலாக்கைக் கூப்பிடலாம், அதனால் கழற்றி வைத்த நிலையிலேயே அச்சடி என்று எச்சரிக்கையும் இருந்தது. ஒற்றைத் திரெட் காலத்துக்கு அது சரி. கழற்றிய அந்த நொடியில் இன்னொரு திரெட் நுழைந்தால் யாரும் எழுத மாட்டார்கள். 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில் அந்தக் கொக்கிகளையே நீக்கிவிட்டார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து அதை எழுதி, கம்பைல் ஆகவில்லை என்று எனக்கு ஈமெயில் போடாதீர்கள்.

இப்போது என் மானம் போகிற இடம்.

2011-ல் நான் ஒரு கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். நெட்வொர்க் பெட்டிகள் செய்தோம், உள்ளே லினக்ஸ். ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை பெட்டி மெமரி தீர்ந்து விழுந்தது. எங்கள் லேபில் விழவே இல்லை. அதனால் அவர்கள் இடத்திலேயே ஓட்டுவதற்கு ஒரு டிராக்கர் எழுத முடிவாயிற்று. எழுதியது என் டீமில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண். நல்ல சுத்தமான கோட். நான்தான் ரிவ்யூ. கொக்கியின் முதல் வரியிலேயே ஒரு சோதனை வைத்திருந்தார்: ஏற்கெனவே உள்ளே இருந்தால் திரும்பு. மேலே விளக்கம் எதுவும் இல்லை. "நம்ம டேபிள் ஸ்டாட்டிக் அரேதானே? இது எங்கயும் மெமரியே கேக்கலையே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், பின்னாடி யாராவது மாத்தினா..." என்று இழுத்தார். தேவையில்லாத வரி, வேகத்தைக் குறைக்கும் என்று நான் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்.

நான் சொன்னது அன்றைக்குச் சரிதான். அதுதான் இதில் வேடிக்கை. மூன்று மாதம் கழித்து டேபிள் நிரம்பி வழிகிறது என்று புகார் வந்தது. இன்னொருவர் அதை, நிரம்பினால் தானே வளரும் டேபிளாக மாற்றினார். அவருக்கு அந்த வரி இருந்ததே தெரியாது. டேபிளுக்கு ஸ்பின்லாக் போட்டிருந்தோம். பூட்டைப் பிடித்துக்கொண்டே புது இடம் கேட்கிறது, கொக்கி ஓடுகிறது, அதே பூட்டைக் கேட்கிறது. லேபில் டேபிள் நிரம்புகிற அளவுக்கு யாரும் ஓட்டவில்லை, எல்லாச் சோதனையும் பாஸ். வாடிக்கையாளரிடம் போட்ட அன்று ராத்திரியே பெட்டிகள் ஒவ்வொன்றாக உறைந்தன. வாட்ச்டாக் அதை ரீபூட் செய்யும், சற்று நேரத்தில் டேபிள் நிரம்பும், மறுபடி உறையும். லீக் இருந்தபோது பத்து நாள் ஓடிய பெட்டி, லீக்கைப் பிடிக்கப் போன டிராக்கரால் பத்து மணி நேரம்கூட ஓடவில்லை.

அடுத்த நாள் மீட்டிங்கில், "டிராக்கரை எழுதினது யாரு?" என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணின் பெயர் சொல்லப்பட்டது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வரியை எடுக்கச் சொன்னது நான் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, இரண்டு வாரம் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னபோது அந்த வருஷ மதிப்பீடு எழுதி முடிந்திருந்தது. "அது முடிஞ்சு போன ஃபைல்" என்றார்கள். அடுத்த சில மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார்.

சரி, மூன்றாவது விளைவைச் சொல்கிறேன் என்றேனே. காவல் வரி போட்டுவிட்டால் சுழல் நிற்கும், ஆனால் காவல் வரி எதையெல்லாம் திருப்பி அனுப்புகிறதோ அதெல்லாம் கணக்கில் விடுபடும். விட்டோம் என்பதையாவது எழுத வேண்டும். பேஜ் ஓனர் இதை அழகாகச் செய்கிறது. சுழலில் வந்த பக்கத்தை வெறுமையாக விடாமல், முன்பே தயாரித்து வைத்த ஒரு போலி டிரேஸின் டோக்கனை ஒட்டுகிறது. பார்ப்பவருக்கு இது டிராக்கரின் சொந்தச் செலவு என்று தெரியும். 2009-ல் 2.6.31 பதிப்பில் வந்த கேமெம்லீக், தன் குறிப்புகளுக்கென்றே தனி கேஷ் வைத்து, இதைக் கவனிக்காதே என்று அதன்மேல் ஒரு கொடியும் வைத்துக்கொண்டது. 2019-ல் 5.4 பதிப்பில் ஒரு ஒதுக்கீட்டுக் குளமும் சேர்ந்தது, வழக்கமாக 16,000 குறிப்புகளுக்கு இடம். அதுவும் தீர்ந்தால் அரைகுறைக் கணக்கு எழுதாமல், முடியவில்லை என்று செய்தி போட்டுவிட்டுத் தன்னையே அணைத்துக்கொள்ளும். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

கடைசியாக ஒரு புது உதாரணம். 2024 ஜூலையில் வந்த 6.10 பதிப்பில் மெமரி அலொக்கேஷன் புரொஃபைலிங் சேர்ந்தது. சோர்ஸ் கோடில் எந்த வரி எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்று அதே வரிக்கு ஒரு கவுன்டர் வைத்து எண்ணும். நிஜ சர்வர்களில் எப்போதும் ஓட விடலாம் என்கிற அளவுக்குச் செலவு குறைவு. இதில் ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் எந்தக் கவுன்டர் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலும் அதே ஸ்லாப் ஸ்டோரிலிருந்துதான் வருகிறது. எனவே பட்டியலுக்காக மெமரி கேட்கும்போது, இதற்குப் பட்டியல் வேண்டாம் என்று கோரிக்கையிலேயே ஒரு கொடி சேர்த்துவிடுகிறார்கள். சுழல் நின்றது. ஆனால் அந்தத் துண்டைத் திருப்பித் தரும்போது அதன் கட்டம் காலியாக இருக்கும். எங்கோ பதிவு விட்டுப்போனது என்று சோதனை எச்சரிக்கை போடும். அதனால் காலி என்று விடாமல், வேண்டுமென்றே காலி என்று ஒரு தனிக் குறி அதில் எழுதுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஸ்டோர் அண்ணனின் முதல் பக்கம்தான் கண்முன் வந்தது.

பிராஜெக்ட் செய்கிறவர்கள் பின்வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் பிட்டை 1 ஆக்கிய பிறகு நடுவில் பிழை வந்து ரிட்டர்ன் ஆகிற வழிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் 0 ஆக்க மறந்தாலும் அந்த டாஸ்க் அதற்குப் பிறகு கணக்கிலேயே வராது, யாருக்கும் தெரியவும் தெரியாது. முடிந்தால் பழைய மதிப்பை வாங்கி வைத்துக்கொண்டு அதையே திருப்பி வையுங்கள். 2017-ல் 4.12 பதிப்பில் வந்த மெம்அலாக் நோஎஃப்எஸ் ஜோடி அப்படித்தான் செய்கிறது. இன்டரப்ட் வந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். அது அதே டாஸ்க்கின் மேல்தான் ஓடும், அதே பிட்டைத்தான் பார்க்கும், தப்பாகத் திரும்பிப் போகும். எஃப்டிரேஸில் இதற்காகவே சாதாரண நிலை, சாஃப்ட் இன்டரப்ட், இன்டரப்ட், தடுக்க முடியாத இன்டரப்ட் என்று நான்கு நிலைக்கும் தனித்தனி பிட். அப்புறம் சோதனை. டேபிளின் ஆரம்ப அளவை ஒன்று என்று வைத்து ஓட்டுங்கள், இரண்டாவது பதிவிலேயே அது வளர்ந்தாக வேண்டும். நாங்கள் அன்றைக்கு இந்த ஒன்றைச் செய்திருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது. ஃபெயில்ஸ்லாப்பைப் போட்டு, மெமரி கேட்டால் இல்லை என்று சொல்ல வைத்தும் பாருங்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்டதும் அந்தப் பெண்ணைத் தேடிப் போன் செய்தேன். இப்போது வேறிடத்தில் எனக்கு மேலான பொறுப்பில் இருக்கிறார். "உங்க கதையை எங்க காலேஜ்ல சொல்லலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரைச் சொல்லாம சொல்லுங்க சார். அந்த வரிக்கு மேல ஏன்னு ஒரு கமென்ட் எழுதாம விட்டது என் தப்பு, அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க" என்றார். சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து தருவதாகத் துறைத் தலைவர் சொல்லியிருக்கிறார். வளரும் டேபிள், பூட்டு, காவல் வரி இல்லாத கொக்கி எல்லாம் போட்டு ஒரு சின்ன டிராக்கர் கொண்டு வந்திருக்கிறேன். வந்து உறைய வைத்துப் பாருங்கள், பிறகு சரி செய்யலாம். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.